அளவு ஜாக்கெட்டின் இடது தோள்

எங்கள் வீட்டு ஆல்பங்களைப் புரட்டினால், நான் புடவை கட்டிய எல்லாப் படங்களிலும் ஒரே மாதிரிதான் நிற்கிறேன். வலது கை இடது தோளைப் பிடித்திருக்கும். என் கல்யாணத்தில் அப்படி, சித்தப்பாவின் அறுபதாம் கல்யாணத்தில் அப்படி, கிண்டித் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்க்கும் கம்பெனியின் ஆயுத பூஜைப் படத்தில்கூட அப்படி. யாருக்கோ சத்தியம் பண்ணிக்கொடுக்கிற மாதிரி இருக்கிறது என்று தம்பி கிண்டல் செய்வான். விஷயம் வேறொன்றுமில்லை. எந்த ஜாக்கெட் போட்டாலும் எனக்கு இடது தோள் நழுவும். முந்தானையைக் குத்துவதும் அதே தோளில்தான் என்பதால் ஜாக்கெட்டும் முந்தானையும் கூட்டு சேர்ந்துகொண்டு இறங்கும். நான் இழுத்து விடுவேன். அது திரும்ப இறங்கும்.

டெய்லர்களை மாற்றிப் பார்த்தாயிற்று. மந்தைவெளி, லஸ், தி.நகர் என்று சுற்றாத இடமில்லை. எல்லாரும் சொல்லிவைத்தாற்போல ஒரே பதிலைச் சொன்னார்கள்: முந்தானை கனம், அதுதான் இழுக்கிறது. அப்படியானால் ஊரில் மற்ற பெண்கள் எல்லாம் முந்தானையில்லாமலா புடவை கட்டுகிறார்கள்? இதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. என் இடது தோளே சரிவு என்று நானாக ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். உடம்பு வாகு அப்படி, என்ன செய்ய? அகலக் கழுத்து வேண்டாம், வழவழப்பான துணி வேண்டாம், கூட்டத்தில் பின்வரிசை போதும் என்று வாழப் பழகிக்கொண்டேன்.

தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானபோது முதலில் சந்தோஷம் வந்தது. அடுத்த நிமிஷம் தோள் ஞாபகம் வந்தது. அவனுக்கு நான் ஒரே அக்கா. தாலியில் முதல் முடிச்சை அவன் போடுவான். மற்ற இரண்டையும் நாத்தனார்தான் போட வேண்டும். பெண்ணுக்குப் பின்னால் நின்று, குனிந்து, இரண்டு கையாலும் முடிய வேண்டும். கெட்டிமேளம் காதைப் பிளக்கும், மொத்த மண்டபமும் அட்சதையோடு எழுந்து நிற்கும், கேமராக்காரர் மூக்குக்கு முன்னால் இருப்பார். அங்கே பின்வரிசை கிடையாது. அந்த ஒரு படத்திலாவது என் இரண்டு கையும் தாலிக்கயிற்றில் இருக்க வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

பெண் வீட்டார் நாத்தனாருக்கு என்று எடுத்துக்கொடுத்த பட்டுப்புடவை வந்து சேர்ந்தது. அரக்கு நிறம், மயில்கழுத்து பார்டர். பார்த்ததும் எனக்கு வாயெல்லாம் பல். புடவையின் கடைசியில் சேர்ந்தே வரும் ரவிக்கைத் துண்டைத் தடவிப் பார்த்தேன். இதை மறுபடியும் ஒரு டெய்லரிடம் கொடுத்து, மறுபடியும் முந்தானை கனம் என்று கேட்டுக்கொண்டு வர எனக்குப் பொறுமை இல்லை. நானே தைத்துக்கொள்ளப் போகிறேன் என்று வீட்டில் அறிவித்தேன்.

என் கணவர் வேளச்சேரியில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே வேலை செய்பவர். அன்று காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு, "எந்தப் புடவைக்கு?" என்று கேட்டார்.

"இதுக்குத்தான்."

"ஒரே ஒரு துண்டுதானே இருக்கு?"

"ஆமா."

அவர் திரும்பவும் மாட்டிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. நான் தையல் மெஷின் வாங்கி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த எட்டு மாதத்தில் நான் செய்த சாகசங்களை அவர் கூடவே இருந்து பார்த்திருக்கிறார். முதலில் ஒரு நைட்டி. கழுத்தை வெட்டும்போது துணி மடிப்பில் இருந்ததை மறந்து முழுக் கழுத்தையும் வரைந்து வெட்டியதில், நான் இறங்கி மறுபக்கம் போய்விடலாம் போன்ற கழுத்து வந்தது. அதைத் தலையணை உறையாக்கினேன். அடுத்தது ஒரு குர்த்தி. இரண்டு கையும் இடது கையாக வெட்டியிருந்தேன். அதில் கையே வைக்காமல் ஓரம் மடித்துப் போட்டுக்கொண்டேன். ஆபீசில் ஒருத்தி புது ஃபேஷனா என்று கேட்டாள், நானும் ஆமாம் என்றேன். ஒரு பைஜாமாவின் இரண்டு காலையும் சேர்த்துத் தைத்துப் பாவாடை ஆக்கியதும் உண்டு. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு தப்புக்கும் எனக்கு உற்சாகம் கூடியதே தவிரக் குறையவில்லை. டெய்லர் செய்கிற தப்பு நம் தலையெழுத்து. நாம் செய்கிற தப்பை நாமே பிளேடு வைத்துப் பிரித்துவிடலாம். இந்தச் சுதந்திரத்தை நாற்பது வயதில்தான் கண்டுபிடித்தேன்.

இருந்தாலும் பட்டு விஷயத்தில் விளையாட முடியாது. பட்டில் தையலைப் பிரித்தால் ஊசி போன இடமெல்லாம் ஓட்டை தெரியும். அதனால் முதலில் சாதாரண டூ பை டூ பருத்தித் துணியில் ஒரு ஜாக்கெட் தைத்துப் பார்ப்பது, அது அச்சாக உட்கார்ந்த பிறகு பட்டில் கை வைப்பது என்று தீர்மானித்தேன். மாடவீதிக் கடையில் இரண்டு மீட்டர் வாங்கிக்கொண்டு வந்தேன். கல்யாணத்துக்கு ஐந்து வாரம் இருந்தது.

அளவுக்கு என்ன செய்வது என்ற கேள்வியே எழவில்லை. அளவு ஜாக்கெட் இருக்கிறதே. புதுத் துணியோடு பையில் போட்டு டெய்லரிடம் கொடுக்கிற பழைய ஜாக்கெட். உள்ளதில் கொஞ்சம் ஒழுங்காக அமைந்த ஒன்றை எல்லாப் பெண்களும் அளவுக்கென்று தனியாக எடுத்து வைத்திருப்போம். என்னுடையது மெரூன் நிறம். அதை விரித்து, இன்ச் டேப்பால் நீளம், மார்புச் சுற்று, கழுத்து இறக்கம் எல்லாம் எடுத்துத் தாளில் வரைந்தேன். தோளுக்கு மட்டும் வலது பக்கத்தை அளந்தேன். துணியை நாலாக மடித்துத்தானே வெட்டப் போகிறோம், ஒரு பக்கம் அளந்தால் போதாதா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட்டேன். கொக்கிப் பட்டி வரை நேராக வந்திருந்தது. எனக்கே நம்ப முடியவில்லை. போட்டுப் பார்ப்பதற்கு முன் அளவு ஜாக்கெட்டின் மேல் வைத்துச் சரிபார்த்தேன். அது என் தொழில் புத்தி. நான் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். மெஷினிலிருந்து வரும் உதிரிபாகத்தை மாதிரி அளவோடு ஒப்பிட்டு, சரியா தப்பா என்று சொல்வதுதான் பதினைந்து வருஷமாக என் பிழைப்பு. அன்றும் அதேபோல வைத்துப் பார்த்தேன். வலது தோள் அச்சு அசலாகப் பொருந்தியது. இடது தோள் அளவு ஜாக்கெட்டைவிட உயரத்தில் அரை இன்ச் குறைவாக இருந்தது.

எனக்கு ஒரே எரிச்சல். எங்கேயோ துணி நழுவியிருக்கிறது, தையலில் அதிகம் பிடித்துவிட்டேன் என்று திட்டிக்கொண்டே இடது தோள் தையலைப் பிரித்து, அரை இன்ச் விட்டுத் தைத்தேன். இப்போது இரண்டும் பொருந்தின. போட்டுக்கொண்டு, மேலே புடவை கட்டி, முந்தானையைக் குத்தி, கண்ணாடி முன் நின்று தாலி முடிவது போல இரண்டு கையையும் நீட்டிக் குனிந்தேன். இடது தோள் சாவகாசமாக இறங்கியது.

அடுத்த மூன்று வாரம் நான் மனுஷியாக இல்லை. கழுத்தைக் குறுக்கித் தைத்தேன், மூச்சு முட்டியது. முதுகில் நாடா வைத்தேன், நாடா இழுத்த இழுப்பில் கை தூக்க முடியவில்லை. தோளுக்குள் பஞ்சு வைத்துப் பார்த்தேன், ஒரு பக்கம் மட்டும் போலீஸ்காரர் மாதிரி இருந்தது. ஒவ்வொன்றுக்கும் மறுபடி துணி வாங்கிப் புதிதாக ஒரு ஜாக்கெட். ஒவ்வொரு முறையும் நாலாக மடித்து வெட்டித் தைத்ததும் இடது தோள் அரை இன்ச் குறைவாகத்தான் வந்தது. ஒவ்வொரு முறையும் நான் அதைப் பிரித்து அளவு ஜாக்கெட்டின்படி விட்டுத் தைத்தேன். ஒரே இடத்தில் ஒரே தப்பு எப்படி வருகிறது என்று யோசிக்கிற புத்தி வரவில்லை. நமக்குக் கை சரியில்லை என்று அழுகைதான் வந்தது.

"உள்ள ரெண்டு ஊக்கு எக்ஸ்ட்ரா குத்திக்கலாமே," என்றார் கணவர்.

"கல்யாணத்தன்னைக்கு ஊக்கு பிரிஞ்சு என் கழுத்துல ஏறட்டும். உங்களுக்குச் சந்தோஷமா?"

"நான் ஒண்ணும் சொல்லல," என்று அவர் காதில் மாட்டிக்கொண்டார்.

அந்த வாரம் புதன்கிழமை கம்பெனியில் ஒரு தகராறு. மெஷின் பிரிவிலிருந்து வந்த ஒரு தட்டு உதிரிபாகம் முழுவதையும் நான் தள்ளிவிட்டேன். துளையின் அகலம் சரியில்லை. என் கையில் இருந்த கேஜ், அதாவது துளைக்குள் விட்டுப் பார்க்கிற இரும்புத் துண்டு, போகக்கூடாத அளவுக்கு உள்ளே போகிறது. மெஷின்காரர்கள் கத்தினார்கள், நானும் விடவில்லை. வீட்டுக் கோபத்தையும் சேர்த்துத்தான் காட்டினேன் என்று நினைக்கிறேன். கடைசியில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் அறையில் இருக்கிறவர் வந்தார். வியாசர்பாடிக்காரர், யாருக்கும் குரலை உயர்த்தாதவர். கேஜை வாங்கிக்கொண்டு போய்ப் பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தார்.

"மேடம், பீசு மேல தப்பு இல்ல. உங்க கேஜுதான் தேஞ்சி போயிகீது."

"நேத்துகூட இதை வெச்சுத்தானே பார்த்தேன்?"

"நேத்தும் தேஞ்சிதான் இருந்திருக்கும். இத்த வெச்சிகினு பாத்தா நல்ல பீசுகூட தப்பாத்தான் தெரியும். அது இன்னா பண்ணும் பாவம்?"

சிரித்துவிட்டு மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நான்கு ஜாக்கெட். நான்கிலும் ஒரே இடத்தில் ஒரே அரை இன்ச். தப்பு என்றால் ஒருமுறை கூட வரும், ஒருமுறை குறைய வரும். இது அசையாமல் நின்றிருக்கிறது. நான் சரியாகத்தான் தைத்திருக்கிறேன். நான்கு முறையும் சரியாகத் தைத்து, நான்கு முறையும் பிரித்துக் கெடுத்திருக்கிறேன். அந்த மெரூன் ஜாக்கெட்டை யார் சரிபார்த்தது?

அவர், "தண்ணி கொண்டாரவா மேடம்?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அன்று சாயங்காலம் ஐந்தரை ஆவதற்குள் கடிகாரத்தை நூறு முறை பார்த்திருப்பேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் உட்காரவில்லை. நின்றால் சீக்கிரம் போய்விடும் என்று ஒரு எண்ணம்.

வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றினேனா என்று ஞாபகமில்லை. முதலில் தைத்த ஜாக்கெட்டை எடுத்து இடது தோளை விளக்கு வெளிச்சத்தில் பிடித்தேன். நான் பிரித்துப்போட்ட முதல் தையலின் தடம் புள்ளி புள்ளியாக அப்படியே இருந்தது. அந்தப் புள்ளிகளின் மேலேயே மறுபடியும் தைத்தேன். மெஷின் ஓடிய நேரம் ஒரு நிமிஷம்கூட இருக்காது.

போட்டுக்கொண்டு, இருப்பதிலேயே கனமான பட்டுப்புடவையைக் கட்டி, முந்தானையைக் குத்தினேன். குனிந்தேன். கையை நீட்டினேன். பிறகு தலைக்கு மேல் தூக்கினேன். பிறகு குதித்தேன். தோள் இம்மி நகரவில்லை. சத்தம் கேட்டுக் கணவர் வந்து பார்த்தபோது நான் அலமாரிக்கு முன்னால் குதித்துக்கொண்டிருந்தேன்.

"என்ன ஆச்சு?"

"எனக்குத் தோள் சரிவு இல்ல."

"சரிவுன்னு யார் சொன்னா?"

நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், இத்தனை வருஷமாக. இன்ச் டேப்பை அவர் கையில் கொடுத்துக் தோள் எலும்பிலிருந்து இடுப்பு வரை இரண்டு பக்கமும் அளக்கச் சொன்னேன். இரண்டும் ஒன்று. திரும்பவும் அளக்கச் சொன்னேன். அவர் முணுமுணுக்காமல் அளந்தார். இரண்டும் ஒன்றுதான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

பிறகு அந்த மெரூன் ஜாக்கெட்டை அலசினோம். அது பத்து வருஷத்துக்கு முன் தைத்தது. அதற்கு அளவாகக் கொடுத்தது அதற்கு முந்தைய பச்சை. பச்சைக்கு அளவு கல்யாண ஜாக்கெட். கல்யாண ஜாக்கெட்டுக்கு அளவு கல்லூரி நாள் ஜாக்கெட் ஒன்று. நான் குண்டாக ஆக, பக்கத் தையலை எல்லாரும் மாற்றியிருக்கிறார்கள். தோளை யாரும் தொடவில்லை. அளவில் எப்படி இருக்கிறதோ அப்படியே, ஒரு பக்கம் அரை இன்ச் கூடுதலாக, இத்தனை டெய்லர்களும் சிரத்தையாகக் காப்பியடித்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மூலம் எது? அம்மாவுக்குப் போன் செய்தேன். அம்மா அடையாறில் தம்பியோடு இருக்கிறாள்.

"அம்மா, எனக்கு முதல் முதல்ல தைச்ச ஜாக்கெட் எது?"

"ஸ்கூல் ஃபேர்வெல்லுக்குப் புடவை கட்டின இல்ல, அதுக்குத் தைச்சது. ஏன்டி?"

"அதுல இடது தோள் பெருசா இருந்துதா?"

"ஆமா, நான்தான் டெய்லர்கிட்ட சொன்னேன். அப்போ டியூஷன் டியூஷன்னு அந்தப் புத்தக மூட்டையை எப்பவும் இடது தோள்லயே மாட்டிக்கிட்டுத் திரிவ. அந்தத் தோள் தூக்கிக்கிட்டே நிக்கும். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வெச்சா பிடிக்கும்னு அரை இன்ச் கூட வைக்கச் சொன்னேன். அன்னைக்கு உனக்கு அச்சா இருந்துதே?"

"அச்சாத்தான் இருந்திருக்கும். அப்புறம் நான் அந்தப் பையை மாட்டலயேம்மா."

"மாட்டல," என்றாள் அம்மா. பிறகு மெதுவாக, "அப்போ இத்தனை வருஷம் நீ இழுத்து விட்டுக்கிட்டு நின்னது என்னாலயா?" என்று கேட்டாள்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். இருபத்து மூன்று வருஷம் பின்வரிசையில் நின்றவளுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் வரவில்லை. பதினேழு வயசுப் பெண்ணின் தோள் ஒரு பக்கம் தூக்கியிருப்பதைப் பார்த்து, அதை யாரும் கவனித்துவிடக் கூடாது என்று டெய்லர் காதில் ரகசியமாகச் சொன்ன அம்மாவை நினைத்துப் பார்த்தேன். அரை இன்ச் வரைக்கும் கணக்காகப் பார்த்திருக்கிறாள். என்மேல் எனக்குத்தான் கோபம். உலகத்துப் பீசையெல்லாம் அளந்து தள்ளுகிறவள், என் தோளை ஒரு தடவை அளந்து பார்த்ததில்லை.

"உன்னால இல்லம்மா. நான்தான் பார்க்கல," என்றேன். அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பட்டுத் துணியையாவது ஒழுங்காக வெட்டு என்றாள்.

அடுத்த ஞாயிறு பட்டுத் துணியை வெட்டினேன். அளவு ஜாக்கெட்டை அலமாரிக்குள்ளேயே விட்டுவிட்டு என் உடம்பை அளந்தேன். கத்தரிக்கோலை வைக்குமுன் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். வெட்டும்போது கணவர் மின்விசிறியை நிறுத்திவிட்டுத் துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். எல்லாம் நல்லபடியாகத்தான் போயிற்று. ஆனால் தப்பே செய்யாமல் முடித்தால் அது நான் இல்லையே. வலது கையை இடது பக்கத்திலும் இடது கையை வலது பக்கத்திலும் வைத்துத் தைத்துவிட்டேன். பட்டு. பிரித்தால் ஓட்டை. முன்பென்றால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பேன். அன்று ஒரு நிமிஷம்கூட உட்காரவில்லை. ஒவ்வொரு நூலாக வெட்டி எடுத்து, புள்ளிகளை நகத்தால் நீவி, ஈரத் துணி போட்டு இஸ்திரி வைத்து, பழைய ஓட்டைகள் உள்மடிப்புக்குள் போகும்படி ஒரு நூல் அளவு தள்ளித் தைத்தேன். அக்குளில் மட்டும் நாலைந்து புள்ளி மிச்சம் தெரிந்தது. அங்கே எந்தக் கேமராக்காரரும் வர மாட்டார்.

கல்யாணத்தன்று காலையில் மேடையில் பெண்ணுக்குப் பின்னால் நின்றேன். ஐயர் ஜாடை காட்டினார். கெட்டிமேளம் எழுந்தது. தம்பி முதல் முடிச்சைப் போட்டான். கயிறு என் கைக்கு வந்தது. குனிந்து இரண்டு கையையும் நீட்டி இரண்டாவது முடிச்சைப் போட்டேன். அட்சதை தலையில் விழுந்துகொண்டிருந்தது. மூன்றாவதற்குக் கயிற்றை இழுக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து, நான் ஒன்றும் நினைக்காமலேயே, என் வலது கை கயிற்றை விட்டுவிட்டு எழுந்து இடது தோளுக்குப் போனது.

தோள் இருந்த இடத்தில் இருந்தது. ஜாக்கெட் இருந்த இடத்தில் இருந்தது. கைக்கு அங்கே செய்ய வேலையே இல்லை. ஒரு நொடி திகைத்து நின்றது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தபடியே கையைத் திரும்பக் கொண்டுவந்து மூன்றாவது முடிச்சை இறுக்கினேன்.

கேமராக்காரர் அந்த ஒரு நொடியைத்தான் பிடித்திருக்கிறார். ஆல்பத்தில் பெரிய படமாக அதைத்தான் போட்டிருக்கிறார்கள். இடது கையில் மஞ்சள் கயிறு, வலது கை தோளில், வாய் நிறையச் சிரிப்பு. இதிலுமா என்று தம்பி தலையில் அடித்துக்கொண்டான். பார்த்தவர்கள் எல்லாரும் வழக்கம்போல நான் இழுத்து விட்டுக்கொள்கிறேன் என்றுதான் சொல்கிறார்கள். அம்மா மட்டும் அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். பிறகு என் இடது தோளை ஒருமுறை தடவிக் கொடுத்தாள்.